தொலைநோவு

பள்ளியில் படிக்கும்போது 'டெலிபதி' என்பது தளபதி, அதிபதி, ஜனாதிபதி வரிசையில் வரும் ஏதோ ஒரு பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் ஆபீசில் எல்லாருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர் டெலிபதி. ஊரில் 'ஹோமியோபதி' என்று போர்டு மாட்டிய டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் எதற்குப் பதி என்றும் யோசித்திருக்கிறேன். பிறகு காமிக்ஸும் ஹாலிவுட் படங்களும் டெலிபதி என்றால் மனசும் மனசும் பேசிக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்தன. அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். மறுபடி அதன் பின்னால் போக வைத்தது அப்பாவின் சாவு.

மூன்று வருடம் ஆகிறது. போளூர் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குக் காபியோடு எழுப்பப் போன அம்மாதான் முதலில் பார்த்தாள். இரண்டரை மணி வாக்கில் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அந்த இரண்டரை மணிக்கு நான் பெங்களூரில் ஆபீஸ் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் போட்ட ரிலீஸ் பிரச்சினையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டீமில் ஒருவன் சொன்ன ஜோக்குக்குப் பக்கத்து டேபிள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். போன் சைலன்டில் இருந்தது. மூன்றே முக்காலுக்கு எடுத்துப் பார்த்தபோது ஒன்பது மிஸ்டு கால்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ராத்திரி ஆம்பூர் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மத்தியானம் சோறு தின்னதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்லப்பா. தான் ஆடாட்டியும் தன் சத ஆடும்னு சும்மாவா சொன்னாங்க." பதினாறாம் நாள் காரியத்தின்போது அதே கதையை வேறொரு சொந்தக்காரரிடம் சொன்னாள். இப்போது அதில் நேரம் சேர்ந்திருந்தது. "கரெக்டா ரெண்டரை மணி. கையில இருந்த சொம்பு நழுவிடுச்சு." அத்தை பொய் சொல்கிற ஆள் கிடையாது. டாக்டர் சொன்ன இரண்டரை மணி அவளுடைய மத்தியானத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்த நேரத்துல ஒனக்கு எதுவுமே தோணலயாப்பா?"

தோன்றவில்லை. நான் பதில் சொல்லாமல் எழுந்து பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கப் போனேன்.

1

டெலிபதி புராதனமான சொல் கிடையாது. அதற்குப் பிறந்த வருடம் உண்டு, பெற்றவர் உண்டு. 1882இல் லண்டனில் 'சொசைட்டி ஃபார் சைக்கிகல் ரிசர்ச்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஹென்றி சிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். பேய், ஆவி, மனம் படித்தல் போன்றவற்றை நம்பவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், ஆதாரத்தை வைத்து ஆராய்வோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அதே ஆண்டில், நிறுவனர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் மையர்ஸ் இந்தச் சொல்லை உருவாக்கினார். மையர்ஸ் கிரேக்கமும் லத்தீனும் ஊறிய மனிதர், கவிஞர், பிழைப்புக்குப் பள்ளி ஆய்வாளர்.

சொல்லைப் பிரித்தால் இரண்டு கிரேக்கத் துண்டுகள். 'டெலி' என்றால் தொலைவு. இதில் சிக்கல் இல்லை. டெலஸ்கோப், டெலிகிராஃப் எல்லாம் அப்போதே இருந்தன. டெலிபோனுக்கு கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. 'டெலி' அந்தக் காலத்தின் நாகரிகமான முன்னொட்டு, இன்றைக்கு எதற்கும் முன்னால் 'ஸ்மார்ட்' போடுகிற மாதிரி.

விஷயம் பின்பாதியில் இருக்கிறது. 'பதி' வந்தது 'பதோஸ்' என்ற சொல்லிலிருந்து. ஒருவர் செய்வது அல்ல, ஒருவருக்கு நேர்வது பதோஸ். பட்டறிவு, துன்பம், வலி, நோய் என்று அதன் பொருள் விரியும். ஹோமியோபதி போர்டில் இருந்ததும் இதே பதிதான். நோயை ஒத்த நோயால் தீர்ப்பது என்ற கொள்கைக்கு ஹானிமன் வைத்த பெயர் அது. ஆக, சொல்லுக்குச் சொல் போட்டால் டெலிபதி என்பது தொலைவில் இருந்தபடி படும் துன்பம்.

மையர்ஸுக்கு வேறு சொற்கள் கையில் இருந்தன. 'எண்ணம் படித்தல்', 'எண்ணப் பரிமாற்றம்' என்ற பொருளில் ஆங்கிலத் தொடர்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. அவருக்கு அவை போதவில்லை. எண்ணம் மட்டுமல்லாமல், ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்குப் புலன்களின் வழியே வராமல் வந்து சேரும் எந்தப் பதிவையும் உள்ளடக்கும் பெயர் வேண்டும் என்று நினைத்தார். அப்படித் தேடியவர் 'எண்ணம்' என்பதை விட்டுவிட்டு 'பதோஸ்' என்பதை எடுத்தார்.

மார்க் ட்வைனோடு ஒப்பிட்டால் இந்தத் தேர்வின் எடை தெரியும். ட்வைனும் இதே விஷயத்தில் பைத்தியமாக இருந்தவர். 1891இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்த அவருடைய கட்டுரையின் தலைப்பு 'மனத் தந்தி' என்ற பொருளில் அமைந்தது. நெவாடா வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றி நண்பர் ஒருவர் புத்தகம் எழுதலாமே என்று யோசனை தோன்றி அவருக்குக் கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்திருக்கிறார் ட்வைன். சில நாளில் அந்த நண்பரிடமிருந்தே அதே யோசனையோடு கடிதம் வருகிறது. ட்வைன் கவலைப்பட்டது ஐடியாக்களைப் பற்றி. ஒரே கண்டுபிடிப்பு எப்படி ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தோன்றுகிறது என்பதைப் பற்றி. அதற்குத் தந்தி சரியான உவமைதான். மையர்ஸுக்கு அது போதாது. அவர் தேடியது செய்தி அனுப்பும் கம்பியை அல்ல.

1876ஆம் ஆண்டு டெலிபோனுக்குக் காப்புரிமை கிடைத்த ஆண்டு. அதே ஆண்டில்தான் மையர்ஸ் நேசித்த ஆனி மார்ஷல் ஏரியில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய ஆராய்ச்சித் தோழர் எட்மண்ட் கர்னியின் மூன்று சகோதரிகள் அதற்கு முந்தைய ஆண்டு நைல் நதியில் படகு விபத்தில் இறந்துபோனார்கள். ஒருவருடைய துக்கத்தை வைத்து அவருடைய ஆராய்ச்சியை எடைபோடுவது நியாயம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சொல்லை ஏன் இப்படிச் செதுக்கினார்கள் என்று கேட்கும்போது இதை ஒதுக்கிவிடவும் முடியாது.

2

1886இல் கர்னி, மையர்ஸ், ஃபிராங்க் பாட்மோர் மூவரின் பெயரில் 'ஃபான்டாஸம்ஸ் ஆஃப் தி லிவிங்' இரண்டு தொகுதிகளாக வந்தது. பெரும்பகுதி உழைப்பு கர்னியுடையது. 'உயிரோடிருப்பவர்களின் தோற்றங்கள்' என்பதே தலைப்பின் பொருள். ஆவிகளின் புத்தகம் அல்ல அது. சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவர் தொலைவில் இருக்கும் நெருங்கியவருக்கு உருவமாகவோ குரலாகவோ கனவாகவோ தெரியவருவது, எழுநூறு சம்பவங்களாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது.

அதை ஆய்வு நூலாக வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. சிறுகதைத் தொகுப்பாக வாசித்தேன். அப்படி வாசித்தால் அது பிரமாதமான புத்தகம். எல்லாக் கதைக்கும் ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடு. ஒரு வீடு, ஒரு சாதாரண சாயங்காலம். கப்பலிலோ காலனியிலோ இருக்கவேண்டிய தம்பியோ மகனோ வாசற்படியில் நிற்பது தெரிகிறது. பார்த்தவர் மணியைப் பார்க்கிறார், யாரிடமாவது சொல்கிறார், டைரியில் குறிக்கிறார். பிறகு காத்திருப்பு. நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துக் கடிதம் வருகிறது. அதே நாள், கிட்டத்தட்ட அதே நேரம். கதை முடிந்தது.

இந்தக் கதைகளை ஓடவைப்பது என்ன? ஆவி அல்ல, தாமதம். சாவுக்கும் சாவுச் செய்திக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. ஒரு பேரரசு தன் பிள்ளைகளை உலகம் முழுக்க அனுப்பிவைத்திருக்கிறது. அவர்கள் செத்தால் கடிதம் வந்துசேரும்வரை வீட்டில் எல்லாரும் வழக்கம்போல சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். பிறகு கடிதத்தில் தேதியைப் பார்த்து, அன்றைக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கணக்குப் போடுகிறார்கள். அன்றைக்குப் பிறந்தநாள் விருந்து நடந்திருந்தால்? அந்தக் கணக்கின் கொடுமையைத் தாங்குவதற்குத்தான் இந்த எழுநூறு கதைகளும் சொல்லப்பட்டிருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. 'நான் சிரித்துக்கொண்டிருக்கவில்லை, எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்.'

புத்தகத்தின் ஆசிரியர்கள் அப்பாவிகள் அல்ல. நினைவு எப்படித் தேதியை மாற்றும், கதை எப்படிச் சொல்லச் சொல்ல மெருகேறும் என்று சாட்சியங்களை விமர்சிக்கவே தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்கள். அத்தையின் சொம்பு அவர்களுக்குத் தெரியும். சாவுக்கு முன்னும் பின்னும் பன்னிரண்டு மணி நேரம் என்று எல்லையும் வகுத்துக்கொண்டார்கள். பதிவு உடனே மேலே வராமல் மனதுக்குள் கிடந்து சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் 1887இல் டெய்லர் இன்னஸ் என்பவர் 'நைன்டீன்த் செஞ்சுரி' இதழில் எழுதிய விமர்சனம் ஒரே கேள்வியில் அவர்களைத் திணறடித்தது: கடிதங்கள் எங்கே? தோற்றம் தெரிந்த உடனே எழுதினேன் என்று இத்தனை பேர் சொல்கிறார்களே, சாவுச் செய்தி வருவதற்கு முன்பே எழுதப்பட்டது என்று தபால் முத்திரையோடு நிரூபிக்கக்கூடிய ஒரு கடிதத்தையாவது காட்டுங்கள்.

நான் சர்வர்களோடு பிழைப்பு நடத்துகிறவன். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வாரமும் யாரிடமாவது கேட்கிறேன். 'அப்போதே ஸ்லோவாக இருந்தது சார்' என்பார்கள். லாக் எங்கே? டைம்ஸ்டாம்ப் எங்கே? இன்னஸ் எங்கள் ஆள் என்று தோன்றியது.

அந்த அமைப்புக்கு இந்தக் கண்டிப்பு தெரியாமல் இல்லை. 1884 இறுதியில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அவர்கள் சென்னைக்கே அனுப்பினார்கள். அடையாறு தியோசாபிகல் சொசைட்டியில் பிளாவட்ஸ்கி அம்மையாருக்கு இமயத்து மகாத்மாக்களிடமிருந்து அதிசயமாக வந்துசேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களை ஆராய்வது அவர் வேலை. கையெழுத்தை ஒப்பிட்டார், கடிதங்கள் தோன்றிய அலமாரியின் பின்பலகை எப்படித் திறந்தது என்று விசாரித்தார், 1885இல் வந்த அறிக்கை அம்மையாரை மோசடிக்காரர் என்றது. அந்த முடிவைப் பற்றிப் பிறகு சர்ச்சைகள் உண்டு, அந்த அமைப்பின் இதழிலேயே நூறு வருடம் கழித்து மறுப்பு வந்தது. நான் கவனித்தது வேறொன்று. அடையாற்றில் கடிதத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள், பாதிரியாரும் ராணுவ அதிகாரியும் சொன்னபோது கடிதம் இல்லாமலே வாக்கை ஏற்றுக்கொண்டார்கள். கனவானின் வார்த்தைக்குத் தபால் முத்திரை தேவைப்படவில்லை.

3

விமர்சனத்துக்குப் பதிலாக அவர்கள் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். 17,000 பேரிடம் கேட்டார்கள்: விழித்திருக்கும்போது இல்லாத ஒருவரைப் பார்த்ததோ குரலைக் கேட்டதோ உண்டா? பத்தில் ஒருவர் சுமாராக 'ஆம்' என்றார். 1894இல் வந்த அறிக்கையின்படி, உயிரோடிருக்கும் தெரிந்தவரின் தோற்றத்தைக் கண்டவற்றில் 43இல் ஒன்று அவருடைய சாவோடு பொருந்தியது. தற்செயல் என்றால் 19,000இல் ஒன்றுதான் பொருந்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு கம்பீரமாக இருக்கிறது. ஆனால் யாரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். பார்த்தீர்களா என்று கேட்டார்கள். சாவு நடந்த வீடுகளுக்குப் போய், தொலைவில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த நேரத்தில் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்கவில்லை. அலாரம் அடித்த சம்பவங்களை மட்டும் வைத்து அலாரம் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிய ரிப்போர்ட் அது. அடிக்காத அலாரத்துக்குப் பதிவே கிடையாது. அம்மா என்னிடம் கேட்டது அந்தக் கணக்கெடுப்பில் விட்டுப்போன கேள்வி. அந்தப் புத்தகத்தில் என்னைப் போன்றவன் ஒருவன்கூட இல்லை. எங்களிடம் சொல்வதற்குக் கதை இல்லை, அதனால் நாங்கள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை.

4

பிற்பாடு இந்தச் சொல்லுக்கு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. முன்பாதி வளர்ந்துகொண்டே போனது, பின்பாதி தேய்ந்துகொண்டே வந்தது.

இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஆள் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1890களின் தொடக்கத்தில், ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பின்னால் வந்த பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்கவேண்டியவர் மயிரிழையில் தப்பினார். அன்று சாயங்காலம் அப்பாவிடமிருந்து தந்தி: நலமா? தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று அக்காவுக்குத் திடீரென்று தோன்ற, அவள் அப்பாவைத் தந்தி அடிக்கவைத்திருந்தாள். இது என்ன சக்தி என்று தேடத்தான் பெர்கர் மூளையின் பக்கம் போனார். 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார், 1929இல் வெளியிட்டார். இன்று எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிற இ.இ.ஜி. அதுதான். மண்டையோட்டின் மேல் மைக்ரோவோல்ட் கணக்கில் கிடைக்கும் அந்த அலை பக்கத்து அறைக்கே போகாது, அக்காவுக்கு எப்படிப் போகும்? அவர் தேடியது கிடைக்கவில்லை. வலிப்பு நோயாளிகளுக்கு உபயோகமான ஒன்று கிடைத்தது. பதோஸைத் தேடிப் போனவருக்கு சிக்னல் கிடைத்தது என்று சொல்லலாம்.

அதற்கப்புறம் சிக்னல்தான். 2024 ஜனவரியில் நியூராலிங்க் முதல் முறையாக ஒரு மனிதரின் மூளையில் கருவியைப் பொருத்தியது. அந்த முதல் தயாரிப்புக்கு எலான் மஸ்க் சொன்ன பெயர் 'டெலிபதி'. கை கால் அசைக்க முடியாதவர் நினைத்தால் திரையில் கர்சர் நகரும். பெரிய விஷயம், மறுக்கவே மாட்டேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர் ஒருவர் செஸ் விளையாடுவதைவிடப் பயனுள்ள எதையும் என் பதிமூன்று வருட வேலையில் நான் செய்ததில்லை. ஆனால் அந்தச் சொல் அங்கே பொருந்தவில்லை. தொடாமல் ஒரு பொருளை நகர்த்துவதற்கு டெலிகினிசிஸ் என்று தனிச்சொல் இருக்கிறது. கர்சருக்கு நோவது இல்லை. இன்னொரு மனம் இல்லாத இடத்தில் டெலிபதிக்கு என்ன வேலை?

பின்பாதி எங்கே போனது என்று தேடினால் இன்னொரு சொல்லில் அகப்படுகிறது. 'எம்பதி' என்பது பழைய சொல் என்றும் டெலிபதி ஏதோ புதுமோஸ்தர் என்றும் நமக்கு ஒரு எண்ணம் இருக்கும். உண்மையில் எம்பதிதான் இளையது. 'உள்ளே புகுந்து உணர்தல்' என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக உளவியலாளர் டிட்ச்சனர் 1909இல் அதை ஆங்கிலத்தில் எழுதினார். டெலிபதிக்கு 27 வயது தங்கை. இன்றைக்கு ஆபீஸ் டிரெய்னிங்கில்கூட எம்பதி சொல்லித் தருகிறார்கள். கூடவே பிறந்த வலி, அக்காவிடமிருந்து தங்கைக்குப் போய்விட்டது. அக்கா கேட்ஜெட் விற்கிறாள்.

தமிழில் இதைத் தொலையுணர்வு, தொலைவிலுணர்தல் என்றெல்லாம் எழுதுகிறோம். தொலையுணர்வு என்றால் செயற்கைக்கோள் நிலத்தைப் படமெடுப்பதும்கூட நினைவுக்கு வருகிறது. இந்தச் சொற்களில் தவறில்லை, ஆனால் வலி இல்லை. வேடிக்கை என்னவென்றால் பதோஸுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறெந்த மொழியிலும் சொல் இருக்குமா என்று சந்தேகப்படும்படி நம்மிடம் ஒன்று இருக்கிறது: நோய். பழந்தமிழில் நோய் என்பது உடம்புக்கு வருவது மட்டுமல்ல, பிரிந்தவரை நினைத்துப் படும் துன்பமும் நோய்தான். குறளின் காமத்துப்பாலில் அந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் கால் வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள், கால் நோவுது என்பார்கள். எனக்குச் சொல்லாக்கம் செய்யும் தகுதி இல்லை. இருந்தாலும் என் நோட்டில் டெலிபதி என்று எழுதி, பக்கத்தில் 'தொலைநோவு' என்று எழுதி வைத்தேன்.

5

அப்பா போய் நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய போன் நம்பர் என் கைக்கு வந்திருந்தது. வீட்டு கேஸ் அந்த நம்பரில் பதிவாகியிருந்ததால் அதை நிறுத்தவில்லை. சிலிண்டர் புக் ஆனதாக அவர் பெயர் போட்டு எஸ்.எம்.எஸ். வந்தது. டெலிவரிக்கு வருபவரிடம் சொல்லவேண்டிய எண்ணும் அதில் இருந்தது. அந்த எண்ணை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஏரிக்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கர்னி வகுத்த பன்னிரண்டு மணி நேரம் எனக்குப் போதவில்லை. எங்கள் துறையில் லேட்டன்சி என்று சொல்வோம், அனுப்பியதற்கும் வந்துசேர்வதற்கும் நடுவே ஆகும் நேரம். செய்தி எனக்கு எழுபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டது. நோவு வர நான்கு மாதம் ஆனது. இதில் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை. எந்த அலையும் எங்கும் பாயவில்லை. ஆனால் 1882இல் மையர்ஸ் கட்டிய சொல்லின் நேர்ப்பொருள் இதற்குப் பொருந்துகிற அளவு வேறெதற்கும் பொருந்துமா என்று தெரியவில்லை. தொலைவு என்பது கிலோமீட்டராக மட்டும்தான் இருக்கவேண்டும் என்று அவர் எழுதிவைக்கவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். எழுநூறு பேர் கதையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு, மூன்று வருடம் முன்பு சொல்லாமல் எழுந்துபோன பதிலையும் சொன்னேன். "அன்னிக்கு எனக்கு ஒண்ணும் தோணலமா. சிரிச்சிட்டு இருந்தேன்."

அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைத் தள்ளிவைத்தாள்.

"நான் அடுப்பாண்ட பாத்திரம் கழுவினு இருந்தேன்ப்பா. நடுவுல ஒரு செவுருதான். டி.வி. வேற ஓடினு இருந்துச்சி. எனக்கே ஒண்ணும் தோணல." கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்காவது தோணிச்சான்னுதான் கேட்டேன்" என்றாள்.